ஏழு தட்டுகளும் ஐந்து பித்தளைக் கம்பிகளும்

பெட்டி மேசைக்கு அடியில் கிடந்தது. வீத் கிரெனியேக்குப் போய்ப் பழகியவர்களுக்குத் தெரியும், மேசைமேல் பரப்பி வைத்திருப்பதெல்லாம் விற்பவர் ஒரு விலையை மனதில் வைத்துத் துடைத்து அடுக்கியவை, அடியில் செய்தித்தாள் சுற்றிக் கிடப்பது அவரே இன்னும் முழுதாகப் பிரித்துப் பார்க்காதது. வீத் கிரெனியே என்றால் பரணைக் காலிசெய்வது என்று அர்த்தம். வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர்த்தெருவை அடைத்துவிட்டு அவரவர் வீட்டுப் பரணில் கிடந்ததைக் கொண்டுவந்து விற்பார்கள். பாரிசுக்குத் தென்கிழக்கே நாங்கள் இருக்கும் சேன்-எ-மார்ன் மாவட்டத்தில் ஏப்ரல் தொடங்கிவிட்டால் வாராவாரம் ஏதாவது ஒரு ஊரில் இது நடக்கும், நானும் தோள்பை, டார்ச், ஈரத்துணி சகிதம் காலை ஏழரைக்கே போய்விடுவேன்.

குந்தி உட்கார்ந்து மேலே இருந்த ஒன்றைப் பிரித்தேன். வெண்ணெய் நிறத்தில் ஒரு சின்னத் தட்டு, இருபது சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட, விளிம்பைச் சுற்றிக் கறுப்பில் கொடி அச்சு, நடுவில் சில படங்களும் எழுத்துகளும் கலந்து ஒரு வரி. ரீபஸ்! படத்தையும் எழுத்தையும் அவற்றின் இடத்தையும் அளவையும் வாய்விட்டுச் சொன்னால் ஒரு வாக்கியம் வரும், அதுதான் ரீபஸ். பிரெஞ்சுக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த பழைய உதாரணம் ஒன்று இருக்கிறது: பெரியதாக ஒரு G (பிரெஞ்சில் 'ஜே'), பக்கத்தில் சிறியதாக ஒரு a ('ஆ'). பெரிய என்பதற்கு கிரான், சிறிய என்பதற்கு பெத்தி, சேர்த்துச் சொன்னால் 'ஜே கிரான் ஆ பெத்தி', அதாவது எனக்கு நல்ல பசி. விடுகதை போட்டு வளர்ந்த நமக்கு இதன் ருசி சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இந்த மாதிரித் தட்டுகளுக்கு இங்கே 'அசியெத் பார்லாந்த்' என்று பெயர், பேசும் தட்டுகள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பன்னிரண்டு பன்னிரண்டாக, சாப்பாட்டுக்குப் பின்னால் பரிமாறும் இனிப்புக்கென்று செய்தவை. நகைச்சுவைக் காட்சி, பழமொழி, லா ஃபோந்தேன் கதைகள், போர்க் காட்சிகள், ரீபஸ் என்று எத்தனையோ வரிசைகள் உண்டு. விற்றவர் எழுபதைத் தாண்டியவர், பாட்டி வீட்டு அலமாரியில் இருந்ததாம், ஞாயிற்றுக்கிழமை பிளம் தார்த்தை முழுதும் தின்று முடித்தால்தான் அடியில் உள்ள படம் தெரியும், பதில் கண்டுபிடிக்காதவர்தான் பாத்திரம் கழுவ வேண்டும் என்று பாட்டி சட்டம் போட்டிருந்தாராம். "மதாம், ஒன்று மூன்று துண்டாகிவிட்டது, இன்னொன்றில் யாரோ கம்பி போட்டு வைத்திருக்கிறார்கள், மொத்தத்துக்கும் பதினைந்து யூரோ கொடுங்கள் போதும்" என்றார். கம்பி போட்டது என்றதுமே நான் பேரம் பேசுகிற எண்ணத்தை விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து மேசையில் துண்டு விரித்து ஏழையும் கவிழ்த்து வைத்தேன். பழைய தட்டு வாங்குகிறவர்கள் முதலில் படிக்க வேண்டியது முதுகுப்பக்கத்தைத்தான். இவற்றில் 'கிரெய் எ மோந்தெரோ' என்ற முத்திரையும், கூடவே 'எல்.எம். எ சீ' என்ற எழுத்துகளும் இருந்தன. எல்.எம். என்பது லெபஃப், மில்லியே ஆகிய இரண்டு முதலாளிகளின் முதலெழுத்துகள், 'எ சீ' என்றால் 'அண்டு கம்பெனி'. கிரெய் தொழிற்சாலையும் மோந்தெரோ தொழிற்சாலையும் 1840-ல் இணைந்தன, எல்.எம். முத்திரை 1870-களின் நடுப்பகுதி வரை வந்தது. ஆக, எப்படிப் பார்த்தாலும் தட்டுகளுக்குக் கிட்டத்தட்ட நூற்றைம்பது வயதாவது ஆகிவிட்டது. இதே நிறுவனம்தான் 1866-ல், வியாபாரி ரூசோ கேட்டு ஓவியர் ஃபெலிக்ஸ் பிராக்மோன் வரைந்த 'ரூசோ செட்'டைச் செய்தது. ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாயின் படப் புத்தகங்களிலிருந்து சேவலையும் மீனையும் பூச்சியையும் எடுத்துத் தட்டின் வெள்ளைப் பரப்பில் ஆங்காங்கே சிதறவிட்ட செட் அது, ஓர்சே அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். என் ரீபஸ் தட்டுகள் அந்தக் குடும்பத்தின் ஏழைப் பங்காளிகள்தான், ஆனாலும் அதே ஊர் மண்.

முத்திரை தவிர இன்னும் இரண்டு அடையாளம் பார்ப்பேன். ஒன்று, முதுகில் கடுகளவு மேடாக, மூன்று இடங்களில் தெரியும் தடம். சூளையில் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்க வைத்த முக்காலி முனைகள் விட்டுப்போனது அது. இரண்டாவது, விளிம்புக் கொடியில் எங்கேயாவது ஓரிடத்தில் இலை பாதியில் அறுந்து அடுத்த இலையோடு சேராமல் நிற்கும், அதைத் தேடிப் பார்ப்பேன். செம்புத் தகட்டில் படத்தைச் செதுக்கி, எண்ணெயில் குழைத்த மை பூசி, மெல்லிய தாளில் ஒற்றி, அந்தத் தாளைத்தான் ஒருமுறை சுட்ட தட்டின்மேல் அழுத்தித் தேய்த்து எடுத்தார்கள். தாளைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்ததும் மை தட்டிலேயே தங்கிவிடும், அதற்குமேல்தான் கண்ணாடிப் பூச்சு. விளிம்புக்கு நீளமான தாளை வளைத்து ஒட்டும்போது இரண்டு முனையும் சந்திக்கிற இடத்தில் கொஞ்சம் வெட்டித் திணிக்க வேண்டிவரும். அந்தத் தாளை ஒட்டியவரின் கையை அந்தச் சேராத இலையில் பார்க்கலாம், எனக்குத் தட்டில் மிகப் பிடித்த இடம் அதுதான்.

கொஞ்சம் கதை சொல்லிவிட்டு வேலைக்கு வருகிறேன், ஏனென்றால் எந்த மண், எந்தப் பூச்சு என்று தெரியாமல் கழுவப் போனால் தட்டு கெட்டுவிடும். 1709-ல் போர்ச்செலவுக்காகப் பதினான்காம் லூயி தன் வெள்ளிப் பாத்திரங்களை உருக்க அனுப்பினார், பிரபுக்களும் அனுப்ப வேண்டியதாயிற்று, அவர்கள் மேசைக்கு மண்தட்டு வந்தது அப்போதுதான். ருவான், நெவேர், முஸ்தியே போன்ற ஊர்களின் ஃபயான்ஸ் தொழில் அதனால் செழித்தது. அந்தப் பழைய ஃபயான்ஸ் நிறமண்ணைச் சுட்டு அதன்மேல் வெள்ளீயம் கலந்த பால்வெள்ளைப் பூச்சுப் போட்டது. பிறகு 1786-ல் இங்கிலாந்தோடு வணிக ஒப்பந்தம் போட்டதும் ஆங்கிலேய வெண்ணெய்நிறத் தட்டுகள் மலிவாக வந்து குவிந்து, பழைய சூளைகள் பல அணைந்துபோயின. தாக்குப்பிடித்தவை ஆங்கிலேய முறையைக் கற்றுக்கொண்டவை. மோந்தெரோவில் 1770-களிலேயே ஆங்கிலக் குயவர்கள் வந்து தொழில் தொடங்கியிருந்தார்கள், அந்தப் பக்கத்து வெள்ளைக் களிமண் அதற்குத் தோதாக இருந்தது. மண்ணே வெளுப்பு என்பதால் மேலே வெள்ளைப் பூச்சு தேவையில்லை, நிறமற்ற கண்ணாடிப் பூச்சு போதும். இதை 'ஃபயான்ஸ் ஃபீன்' என்பார்கள்.

அந்தக் கண்ணாடிப் பூச்சில் காரீயம் இருந்தது. நாம் ரசம் வைக்கிற ஈயச்சொம்பு வெள்ளீயம், அது வேறு. காரீயம் கலந்த பூச்சில் புளியோ எலுமிச்சையோ பட்டால் காரீயம் உணவில் இறங்கலாம், அதுவும் இப்படி வலைவலையாக விரிசல்விட்ட பழைய பூச்சில் என்றால் நான் யோசிக்கவே மாட்டேன். இந்தத் தட்டுகளில் எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை. அதே காரணத்துக்காகக் கறை போக்க வினிகரும் பக்கத்தில் வரக்கூடாது.

சரி, ஏழையும் ஒவ்வொன்றாக விரல் நுனியில் ஏந்தி மரக்கரண்டியால் மெல்லத் தட்டிப் பார்த்தேன். முழுத்தட்டு மணிபோல ஒலிக்கும், கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் பலகையைத் தட்டினதுபோல மொத்தென்று இருக்கும். தட்டுகளில் எண் அச்சிட்டிருக்கிறது. 1, 6, 10 நன்றாக ஒலித்தன, அழுக்குத்தான். 2-ம் 9-ம் நடுவில் டிகாக்ஷன் ஊற்றினதுபோலப் பழுப்புக் கறை, பூச்சு முழுதும் மயிரிழை விரிசல். 4 மூன்று துண்டு. 7 கம்பி போட்டது.

கறை எடுப்பதில் நான் ஏற்கெனவே ஒரு தட்டைப் பாழாக்கியிருக்கிறேன், அதைச் சொல்லாமல் மேலே போகக்கூடாது. மூன்று வருடம் முன்பு, இதே மாதிரி ஒரு கறைத் தட்டை ஜாவெல் தண்ணீரில், அதாவது நம் ஊர் பிளீச்சில், இரண்டு நாள் ஊறப்போட்டேன். பாரிசிலேயே ஜாவெல் என்ற பழைய கிராமத்தில் முதலில் தயாரித்ததால் அந்தப் பெயர், இன்றும் அங்கே மெட்ரோ நிலையம் இருக்கிறது. எடுத்தபோது தட்டு பளீரென்று இருந்தது, எனக்குத் தாங்காத சந்தோஷம். ஐந்தாறு மாதம் கழித்து விளிம்பில் வெள்ளையாக மாவு படிந்ததுபோல இருந்தது, துடைத்தேன், மறுபடி வந்தது, பிறகு பூச்சே செதில் செதிலாகக் கழன்று அச்சையும் சேர்த்துக்கொண்டு போய்விட்டது. உப்புப் பூத்த சுவரில் காரை உதிர்வதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா, அச்சு அசல் அதேதான். மண் உறிஞ்சிக்கொண்ட பிளீச் காயும்போது உப்பாகப் படிகம் கட்டுகிறது, படிகம் வளர இடம் வேண்டும், மேலே இருக்கும் பூச்சைத் தள்ளுகிறது. யாரோ ஒருவர் நூறு வருடம் பத்திரமாக வைத்திருந்ததை நான் இரண்டு நாளில் கொன்றுவிட்டேன். அந்தத் தட்டை இன்னும் தூக்கிப் போடவில்லை, வேலை மேசைக்கு மேலே வைத்திருக்கிறேன்.

இந்த முறை ஹைட்ரஜன் பெராக்சைடு. மருந்துக்கடையில் '10 வால்யூம்' என்று விற்பது 3 சதவீதம், புண் கழுவுகிற அதே சாமான். அதற்குமேல் கடுமையானதை நான் தேடிப் போகவில்லை, வேண்டியது வேகம் இல்லை, நாள். முதலில் 2-ஐயும் 9-ஐயும் இஸ்திரிப் பெட்டிக்கு ஊற்றும் கனிமம் நீக்கிய தண்ணீரில் ஒரு இரவு முழுக்க ஊறவைத்தேன். மண்ணின் நுண்துளைகள் சுத்தத் தண்ணீரால் நிரம்பிவிட்டால், கரைகிற அழுக்கு இன்னும் உள்ளே இழுபடாமல் இருக்கும். இங்கே குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம் என்பதால் அதைக் கடைசிவரை உபயோகிக்கவில்லை. பிறகு பஞ்சுத் தாளைப் பெராக்சைடில் நனைத்துத் தட்டின் இரண்டு பக்கமும் காற்று இடைவெளி இல்லாமல் ஒட்டி, பிளாஸ்டிக் பையில் போட்டு, பையின் வாயை இறுக்காமல் மடித்து மட்டும் வைத்தேன், ஆக்சிஜன் வெளியே வர வழி வேண்டுமே. கையுறை கட்டாயம், கண்ணுக்கும் கண்ணாடி. அச்சு பூச்சுக்கு அடியில் இருப்பதால் கவலை இல்லை, தங்கக் கோடோ பூச்சுக்கு மேலே தீட்டிய வண்ணமோ உள்ள தட்டாக இருந்தால் நான் இதைச் செய்திருக்க மாட்டேன்.

மூன்று நாளுக்கு ஒருமுறை பிரித்துப் பார்த்தேன். முதல் தடவை பஞ்சில் லேசான மஞ்சள், தட்டில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. இரண்டாவது தடவை கறை ஓரங்களில் இளகியிருந்தது. நான்காவது முறைக்குப் பிறகு டிகாக்ஷன் பால் விட்ட காப்பி ஆகியிருந்தது, ஆறாவது முறையோடு நிறுத்திக்கொண்டேன். முழுதாகப் போகவில்லை. போக்கியிருக்கலாம், ஆனால் இன்னும் இரண்டு வாரம் போட்டால் தட்டு நேற்றுக் கடையில் வாங்கினதுபோல வெளுத்திருக்கும், மற்ற தட்டுகளோடு உட்காராது. பிறகு ஒரு வாரம் கனிமம் நீக்கிய தண்ணீரில், தினமும் மாற்றி மாற்றி.

காய்வதுதான் பெரிய பாடு. மேலே தொட்டால் மறுநாளே காய்ந்ததுபோல இருக்கும், மண்ணுக்குள் தண்ணீர் நிற்கும். நான் செய்தது, சமையலறைத் தராசில் தினமும் எடை போட்டு எழுதி வைத்தேன். 9-ம் எண் தண்ணீரிலிருந்து எடுத்தபோது 342 கிராம், ஒரு வாரத்தில் 325, பதினெட்டாம் நாள் 318, அதற்குப்பின் மூன்று நாள் அசையவில்லை, அப்போதுதான் காய்ந்தது என்று ஒப்புக்கொண்டேன். காயும்போது விளிம்புக்குப் பக்கத்தில் மஞ்சளாக ஒரு வளையம் எழும்பியது. நூறு வருடத்து வெண்ணெய் அது, தண்ணீரோடு சேர்ந்து மேலே வருகிறது. இதைப் பார்த்துப் பதறி அடுப்பில் வைத்துச் சூடாக்குகிறவர்கள் உண்டு, கொழுப்பு வேகமாக வெளியே வரும் என்பது உண்மைதான், கூடவே விரிசலும் வளரலாம். நான் அந்த இடத்தில் மட்டும் பஞ்சு வைத்து மறுபடி ஒரு சுற்று போட்டேன்.

இதற்கிடையில் 4-ம் எண்ணின் மூன்று துண்டுகள். உடைந்த ஓரங்களில் பழைய பசை, தேன் நிறத்தில், கெட்டியாக. எந்தப் பசை என்று தெரியாமல் எதையும் ஊற்றக்கூடாது, ஓரத்தில் ஒரு சொட்டு வெந்நீர் விட்டுக் காத்திருந்தேன், இரண்டு நிமிடத்தில் விரலில் ஒட்டியது, லேசாகத் தோல் வாடை அடித்தது. மாட்டுத்தோல் எலும்பு காய்ச்சிய வச்சிரம்! தச்சர்கள் நாற்காலி ஒட்டுகிற அதே பசை. வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்துப் பல் துலக்கும் பிரஷ்ஷால் பொறுமையாகத் தேய்த்தால் வந்துவிடும், வந்தது, முழுதாக ஒரு மாலை ஆயிற்று.

ஒட்டுவதற்கு எல்லாரும் சொல்வது உடனடிப் பசையோ இரண்டு குழாய் எபாக்சியோ. எபாக்சி நாளாக ஆக மஞ்சளாகும், நாளைக்கு யாராவது என்னைவிட நன்றாக ஒட்டத் தெரிந்தவர் பிரிக்க நினைத்தால் எளிதில் பிரியாது. அருங்காட்சியகங்களில் பயன்படுத்தும் பாரலாய்ட் பி-72 என்ற அக்ரிலிக் பிசின் கற்கண்டுத் துண்டுபோலக் கிடைக்கிறது, அசிட்டோனில் கரைத்துக்கொள்ள வேண்டும், வேண்டாம் என்றால் அதே அசிட்டோனில் பிரித்துவிடலாம். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், அதனால் அடுப்பு அணைத்து, ஜன்னல் திறந்து. முதலில் நீர்க்கக் கரைத்ததை உடைந்த ஓரங்களில் பூசிக் காயவிட்டேன், மண் இனிமேல் பசையை உறிஞ்சாது. பிறகு பசை இல்லாமல் டேப் போட்டு மூன்றையும் சேர்த்துப் பார்த்தேன். இந்த ஒத்திகையை விடவே கூடாது. முதலில் பெரிய இரண்டையும் ஒட்டிவிட்டால் மூன்றாவது துண்டு இடுக்கில் நுழையாது என்பது எனக்கு இதில்தான் தெரிந்தது. நடுத்துண்டைச் சிறிய துண்டோடு முதலில் ஒட்டி, அதைப் பெரிய துண்டோடு சேர்த்தேன்.

ஒட்டியது காயும்வரை எடை சரியாக நேர் கீழே இறங்கும்படித் தட்டு நிற்க வேண்டும். மணல் தட்டு வைப்பார்கள். நான் ஒரு பெரிய டப்பாவில் மூன்று கிலோ பச்சரிசி கொட்டி அதில் செங்குத்தாக நட்டேன், அரிசி எந்தக் கோணத்துக்கும் இடம் கொடுக்கிறது. அந்த அரிசியை அதன்பிறகு சமையலுக்கு எடுக்கவில்லை, அடுத்த தட்டுக்காகத் தனியாக மூடி வைத்திருக்கிறேன். விளிம்பில் ஒரு நகக்கண் அளவு துண்டு கிடைக்கவே இல்லை, அதைச் சன்னமான பிளாஸ்டர் வைத்து நிரப்பித் தேய்த்து, அக்ரிலிக் வண்ணத்தில் வெண்ணெய் நிறம் மட்டும் கொடுத்தேன். கொடி அச்சின் விட்டுப்போன இலையை நான் வரையவில்லை. வரையத் தெரியும், ஆனாலும் தள்ளி நின்றால் கண் உறுத்தாமல், கிட்டே வந்தால் இது பிறகு வைத்தது என்று தெரிகிற மாதிரி இருந்தால் போதும் என்று நினைக்கிறேன். பாரலாய்டில் ஒரு விஷயம் மறக்கக்கூடாது, நாற்பது டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும். ரேடியேட்டருக்கு மேலேயோ மேற்குப் பார்த்த வெயில் ஜன்னலுக்கு எதிரேயோ வைத்தால் ஒட்டு மெல்ல வழுக்கிவிடும்.

இனி 7-ம் எண். இதற்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

முன்பக்கம் பார்த்தால் நடுவில் கொஞ்சம் வளைந்து போகிற ஒரு மெல்லிய கோடு, அவ்வளவுதான். திருப்பினால் அந்தக் கோட்டின் குறுக்கே ஐந்து பித்தளைக் கம்பிகள், ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டர் இருக்கும், தையல் போட்ட மாதிரி வரிசையாக. பசையே இல்லை. பிரான்சில் இதை 'அக்ராஃப்' என்பார்கள், தெருத் தெருவாகக் கூவிக்கொண்டு போய் உடைந்த ஃபயான்ஸும் பீங்கானும் இப்படிச் சேர்த்துக் கொடுக்கிறவர்கள் பாரிசிலும் மற்ற ஊர்களிலும் இருந்தார்கள். நம் தெருவில் ஈயம் பூசுகிறவரும் அம்மி கொத்துகிறவரும் குரல் கொடுத்துப் போனதை நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். வாசலிலேயே உட்கார்ந்து, வில்லால் சுழற்றுகிற கைத்துளைப்பானில் முனைக்கு வைரத்துணுக்கு வைத்து, கோட்டுக்கு இந்தப்பக்கம் ஒரு துளை, அந்தப்பக்கம் ஒரு துளை. தட்டின் கனமே நாலு மில்லிமீட்டர் இருக்கும், அதில் துளை மறுபக்கம் வராமல் பாதியில் நிற்க வேண்டும், அதுவும் கொஞ்சம் சாய்வாக. கம்பியின் இரண்டு கால்களுக்கு நடுவே உள்ள தூரத்தைத் துளைகளின் தூரத்தைவிட ஒரு இழை குறைவாக வளைத்து, நெம்பிப் பிடித்துத் துளையில் இறக்கினால், கம்பி தன் பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கும், அந்த இழுப்புத்தான் இரண்டு துண்டையும் சேர்த்து வைத்திருக்கிறது. துளை வாயில் கொஞ்சம் பிளாஸ்டர் அடைப்பு.

பூதக்கண்ணாடியில் பார்த்தேன், பத்துத் துளைகள், முன்பக்கம் ஒன்றுகூடத் தெரியவில்லை. மலிவான இனிப்புத் தட்டுக்கு இவ்வளவு வேலை. காசு கொடுத்து இதைச் சரிசெய்யச் சொன்ன அந்தப் பாட்டியோ, அவரது அம்மாவோ, அந்த ஒரு விடுகதை வரிசையிலிருந்து விட்டுப்போகக் கூடாது என்று நினைத்திருக்க வேண்டும். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

இந்தத் தட்டை ஊறப்போடவில்லை. தண்ணீரில் போட்டால் பிளாஸ்டர் இளகும், பித்தளைப் பச்சை மண்ணில் இறங்கும், பெராக்சைடு உலோகத்தோடு சேரவும் கூடாது. பஞ்சுக் குச்சியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, கம்பிகளைத் தொடாமல், முன்பக்கத்தை மட்டும் கட்டம் கட்டமாகத் துடைத்தேன், நாற்பது குச்சி ஆயிற்று. முதுகை மென்மையான தூரிகையால் தட்டிவிட்டதோடு சரி. கம்பியைப் பளபளப்பாக்கலாமே என்று கணவர் கேட்டார். பித்தளை விளக்குத் தேய்க்கிற பழக்கத்தில் எனக்கும் கை பரபரத்தது உண்மை, ஆனால் பாலிஷின் மாவு விரிசலுக்குள் போனால் வெள்ளைக் கோடாக நின்றுவிடும், அதனால் கறுத்தபடியே விட்டுவிட்டேன்.

சுவருக்கு வந்தேன். சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு வெள்ளைச் சுவர். முதலில் என்னிடம் ஏற்கெனவே இருந்த பச்சைப் பார்போத்தீன் தட்டுகள் இரண்டையும், அஸ்பராகஸ் தண்டு புடைத்து நிற்பவை, ஜியான் ஊர் நீலத் தட்டு ஒன்றையும் இந்த வரிசையோடு கலந்து மாட்டலாம் என்றிருந்தேன். தரையில் பரப்பிப் பார்த்ததும் தெரிந்தது, புடைப்பும் நிறமும் உள்ள தட்டுக்குப் பக்கத்தில் கறுப்பு மெல்லிய கோட்டுப் படம் வாய் திறக்காது. எல்லாவற்றையும் கலப்பது இப்போது நாகரிகமாக இருக்கிறது, ஆனால் பேசும் தட்டை மாட்டுகிறவர் அது பேச இடம் விட வேண்டும். பார்போத்தீனைச் சமையலறைக்கு மாற்றினேன். வெள்ளைச் சுவரில் வெண்ணெய் நிறத் தட்டு அழுக்காகத் தெரிந்தது, அதனால் சுவரைச் சாம்பல் கலந்த கரும்பச்சையாக அடித்தோம், ஒரு சனிக்கிழமை வேலை. அதே தட்டுகள் விளக்குப் போட்டதுபோல எழுந்து நின்றன.

செய்தித்தாளில் தட்டளவு வட்டங்கள் வெட்டி டேப்பால் ஒட்டி மூன்று நாள் விட்டுவைத்தேன். சமமாக ஒரே வரிசையில் வைத்தது பள்ளிக்கூட அறிவிப்புப் பலகை மாதிரி இருந்தது, மேலே மூன்று, கீழே இரண்டு, நடுவே ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி என்று வைத்ததும் சரியாகிவிட்டது. மாட்டுவதற்கு 1, 6, 9, 10 நான்குக்கும் முதுகில் ஒட்டும் வட்டு. கோந்துப் பக்கத்தை நனைத்து, பிசுபிசுப்பு வரும்வரை காத்திருந்து, அடிவளையத்துக்குள் அழுத்தி, ஒரு நாள் காயவிட்டு, வளையத்தைப் பலமாக இழுத்துப் பார்த்த பிறகுதான் சுவருக்கு. எடுக்க வேண்டுமென்றால் ஊறவைத்தால் வந்துவிடும். 2-ம் எண்ணுக்கு முதுகில் பூச்சு ஆங்காங்கே தளர்ந்திருந்தது, கோந்து காய்ந்து சுருங்கும்போது பூச்சையும் உரித்துக்கொண்டு வரும் என்பதால் அதற்கு மட்டும் ஸ்பிரிங் கம்பி மாட்டி, விளிம்பைப் பிடிக்கும் நாலு கொக்கிக்கும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் நறுக்கிச் செருகி, ஸ்பிரிங்கை ஒரு அளவு பெரியதாக எடுத்தேன். இறுக்கமான கம்பி விளிம்பைக் கடித்துச் சில்லு எடுத்துவிடும், சந்தையில் நான் பார்க்கிற பழைய தட்டுகளில் எதிரெதிரே நாலு சில்லு இருந்தால் அது பெரும்பாலும் இந்தக் கம்பி செய்த வேலைதான்.

ஒட்டிய 4-ஐயும் கம்பி போட்ட 7-ஐயும் தொங்கவிடவில்லை. ஐந்து தட்டுகளுக்குக் கீழே, முன்பக்கம் சின்னத் தடுப்பு உள்ள ஒரு குறுகிய மரப்பலகை அடித்து அதில் நிறுத்தினேன். 7-க்குப் பின்னால் கைக்கண்ணாடி அளவில் ஒரு பழைய கண்ணாடியைச் சாய்த்து வைத்திருக்கிறேன், அதே சந்தையில் வேறொரு நாள் இரண்டு யூரோவுக்குக் கிடைத்தது. முன்னால் நின்றால் ரீபஸ், ஒரு அடி இடப்பக்கம் நகர்ந்தால் கண்ணாடியில் ஐந்து கம்பிகளும் தெரியும். கோணம் சரியாக வர ஒரு சாயங்காலம் முழுக்கத் தீக்குச்சி செருகிச் செருகிப் பார்த்தேன்.

தட்டுகளைச் சுவரோடு விட்டுவிட மனம் வரவில்லை, அதனால் விருந்தினர் வரும்போது 1, 6, 10 மூன்றையும் இறக்கி மேசையில் வைத்து, அவற்றின்மேல் அதே அளவு தெளிவான கண்ணாடித் தட்டு ஒன்றை வைத்து இனிப்பைப் பரிமாறுகிறேன். உணவு பழைய பூச்சைத் தொடுவதில்லை, படமும் மறைவதில்லை. போன மாதம் எதிர்வீட்டு முதிய தம்பதி வந்தபோது ரவா கேசரி வைத்தேன், அந்த அம்மாள் கேசரியைக் கரண்டியால் ஒதுக்கி ஒதுக்கிப் பார்த்து, ஆறாம் எண்ணுக்கு நாங்கள் இரண்டு மாதமாகத் தேடிய பதிலை ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டார், சத்தமாகச் சொல்லும்போது இடையில் ஒரு ஓசையை விழுங்க வேண்டுமாம், அது பிரெஞ்சிலேயே பிறந்து வளர்ந்த காதுக்குத்தான் வரும்.

இப்போதைய நிலவரம்: 2-ம் எண்ணில் மஞ்சள் வளையம் மறுபடி லேசாகத் தலைகாட்டுகிறது, குளிர்காலத்தில் இறக்கி இன்னொரு சுற்றுப் போட வேண்டும். 4-ன் ஒட்டு அசையவில்லை. 3, 5, 8, 11, 12 இன்னும் கிடைக்கவில்லை, பாரிசின் வான்வ் பழம்பொருள் சந்தையில் இதே முத்திரையோடு ஒரு 8 பார்த்தேன், விளிம்புக் கொடி வேறு, வேறு வரிசை. ஞாயிறு மோந்தெரோ பக்கம் ஒரு ஊரில் பரண் காலிசெய்கிறார்களாம், காலை ஆறரைக்குக் கிளம்ப வேண்டும்.